முழுக்கைச் சட்டை

ஜனவரி 9

அன்புள்ள குட்டிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் சுகம் என்று எழுதினால் இந்தக் கடிதமே பொய்யில் தொடங்கும். ஆகவே, முக்கால்வாசி சுகம். நீயும் சின்னவனும் முழுச் சுகமாக இருக்க வேண்டும்.

போன மாதம் குளியலறையில் விழுந்தேன். எலும்பு முறியவில்லை, எழுந்திருக்கத்தான் முடியவில்லை. காலையில் விழுந்தவள் மத்தியானம் வரை ஈரத் தரையில் கிடந்தேன். கீழ்வீட்டுத் தையல்காரியின் மிஷின் சத்தம் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. கூப்பிட்டால் ஓடி வந்திருப்பாள். ஆனால் உடம்பில் துணியில்லாமல் கிடக்கும்போது யாரைக் கூப்பிடுவது? கொடியில் கிடந்த துண்டை விரல் நுனியால் இழுத்து இழுத்து, மேலே போர்த்திக்கொண்ட பிறகுதான் குரல் கொடுத்தேன். அவள் வந்து பார்த்துவிட்டு, "ஏம்மா, உயிர் போனாலும் டிரெஸ் பண்ணிக்கிட்டுத்தான் போவீங்களா?" என்றாள். ஆமாம் என்றேன்.

அந்தத் தரையில் கிடந்தபோது எனக்கு நிறைய நேரம் இருந்தது. யோசித்தேன். என் வீட்டுக்காரர் போன நாளிலிருந்து நீ கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாய். நானும் ஏதாவது ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இனிச் சாக்கு இல்லை. வருகிறேன். உன்னோடு இருந்துவிடுகிறேன். இதை எழுதுவதற்குள் மூன்று தாளைக் கிழித்தேன் என்பதை மட்டும் தெரிந்துகொள்.

போனில் பேசு என்று மறுபடி எழுதாதே. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அத்தனை வருடம் ஊரார் பேச்சை இணைத்துக் கொடுத்ததில் என் இடது காது ஓய்வு பெற்றுவிட்டது. வலது காது விடுப்பில் இருக்கிறது. உன் எழுத்துதான் எனக்குத் தெளிவாகக் கேட்கிறது.

சின்னவன் குடியேற்ற மனுவுக்கான காகிதங்களை அனுப்பியிருக்கிறான். அதில் ஒன்றைப் படித்துவிட்டு அரை நாள் சாப்பிடவில்லை. என்னுடைய சொந்தக் குற்றப் பதிவின் நகலை நானே மனுப் போட்டு வாங்கித் தர வேண்டுமாம். அதாவது, நான் இதுவரை என்னென்ன குற்றம் செய்திருக்கிறேன் என்று போலீஸ் பதிவகத்தில் போய் நான் கேட்க வேண்டும். பள்ளியில் நம் மதர் என்னிடம் மணியைக் கொடுத்து, "இவள் அடித்தால் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம்" என்று சொன்னது உனக்கு நினைவிருக்கும். அந்த மணிக்காரிக்கு இந்த வயதில் இது ஒரு மரியாதை.

என் காகிதங்களை எல்லாம் நானே சுமந்து வருவேன். அன்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வரச் சொன்ன பையில் இருந்த என் அட்டையைத் தொலைத்துவிட்டு வந்த உன்னிடம் எதையும் நம்பிக் கொடுப்பதாக இல்லை.

கண்ணைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


ஜனவரி 27

என் அக்காவுக்கு,

உன் கடிதத்தைச் சின்னவன் கையிலிருந்து பிடுங்கிப் படித்தேன். நீ விழுந்ததைப் படித்து அழுதேன், வருகிறாய் என்பதைப் படித்துச் சிரித்தேன். "என்னம்மா, ஒரே தாள்ல அழுகையும் சிரிப்புமா?" என்று அவன் கேலி செய்கிறான். அவன் நலம். நானும் நலம்தான், வலது கண்ணில் மட்டும் புகை படிந்ததுபோல் இருக்கிறது. இடதை வைத்துக்கொண்டு உன் வருகைக்கான வேலையை எல்லாம் செய்கிறேன்.

உனக்குப் பின்பக்கத்து அறை. காலை வெயில் நேராகக் கட்டிலில் விழும். நீ கடுமையான மெத்தையில்தான் படுப்பாய் என்று கடைக்காரனிடம் சொன்னேன். "கடுமையான மெத்தைன்னா பலகைதான் இருக்கு" என்றான். பலகைக்குப் பக்கத்து மெத்தை ஒன்றை வாங்கியிருக்கிறேன். குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்தாயிற்று. விழுந்தால் என்னைக் கூப்பிட நீ டிரெஸ் பண்ண வேண்டாம்.

நேற்று உன் அலமாரிக்குத் துணி இஸ்திரி போட்டேன். இஸ்திரிப் பெட்டியைத் தொடும்போதெல்லாம் சின்ன வயதில் நீ "தொடாதே" என்று கத்தியது காதில் கேட்கிறது. நீ கத்துவதற்கு முன்னால் நான் ரிப்பனை எடுக்கக் கையை விட்டுவிட்டேன், அவ்வளவுதான். உன் முத்திரை இன்னும் என் இடது கையில் முக்கோணமாக இருக்கிறது. மருமகளாக வரப்போகிறவள் கூட, "என்ன ஆன்ட்டி, எப்பப் பார்த்தாலும் முழுக்கை?" என்று கேட்கிறாள். என் அக்கா போட்ட சீல், ஊருக்குக் காட்டும் வழக்கமில்லை என்று சொல்லிவிட்டேன்.

அந்தக் குற்றப் பதிவு நகல் அவசியம்தானா? எழுபது தாண்டியவர்களுக்கு விலக்கு இருக்கக்கூடும். சின்னவனை விசாரிக்கச் சொல்கிறேன். அதுவரை நீ அலைய வேண்டாம்.

வெயிலில் வெளியே போகாதே.

உன் குட்டி


பிப்ரவரி 15

அன்புள்ள குட்டிக்கு,

இங்கே உடம்பு பரவாயில்லை. உன் கண்ணை டாக்டரிடம் காட்டினாயா என்று முதலில் எழுது.

விலக்குக் கேட்டு நிற்கும் பழக்கம் எனக்கில்லை. எல்லோரும் கொடுப்பதை நானும் கொடுப்பேன். பதிவகத்துக்குப் போய் வந்துவிட்டேன்.

அது ஒரு நீளமான கூடம். மேலே காற்றாடி சுற்றுகிறது, காற்று மட்டும் கீழே இறங்கவில்லை. என் வரிசையில் எனக்கு முன்னால் ஒரு லாரி டிரைவர், பின்னால் நர்ஸ் வேலைக்கு வெளிநாடு போகும் ஒரு பெண். டிரைவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்க என்னம்மா பண்ணீங்க?" என்றார். "இன்னும் எதுவும் பண்ணலை. இந்த வரிசை இப்படியே நின்னா இன்னிக்குப் பண்ணிடுவேன்" என்றேன். நர்ஸ் பெண் சிரித்து எனக்கு உட்கார இடம் பிடித்துக் கொடுத்தாள்.

விரல் ரேகை எடுக்கும் இடத்தில்தான் வினை. கண்ணாடியில் என் விரலை வைத்து அழுத்தினால் திரையில் வெறும் சாம்பல் பூச்சு வருகிறது. ரேகை எடுக்கும் பெண் ஈரத்துணியால் துடைத்தாள், எண்ணெய் தடவினாள், என் விரலைத் தன் விரலால் உருட்டி உருட்டிப் பார்த்தாள். "பாட்டி, உங்களுக்கு ரேகையே இல்லையே" என்றாள். நான் பாட்டி இல்லை, யாருக்கும் பாட்டி ஆகும்படி கடவுள் வைக்கவில்லை என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. "எக்ஸ்சேஞ்ச்ல கார்டு இழுத்து இழுத்துத் தேஞ்சுபோச்சு" என்றேன். போர்டில் செருகி இணைப்புக் கொடுக்கும் வயரைத்தான் சொன்னேன், அவளுக்குப் புரியவில்லை. கடைசியில் பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர், கணவர் பெயர், பழைய முகவரிகள் எல்லாம் எழுதி வாங்கிக்கொண்டு, இவற்றை வைத்துத் தேடுவார்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

கையைச் சோப்புப் போட்டு நான்கு முறை கழுவினேன்.

உன் அக்கா


மார்ச் 2

அக்கா,

நலம்தானே? நாங்கள் இங்கே நலம்.

நான் ஒன்று யோசித்தேன். நீ குடியேற்ற மனுவை விட்டுவிட்டு, வெறும் விருந்தாளியாக மூன்று மாதத்துக்கு வந்தால் என்ன? அதற்கு அந்தப் பதிவு, ரேகை எதுவும் வேண்டாமாம். மூன்று மாதம் இருந்துவிட்டுப் போய், மறுபடி வரலாம். ரேகை இல்லாதவளை அலைக்கழிக்கிறார்களே என்று எனக்கு மனசே ஆறவில்லை. மனுவைத் திரும்ப வாங்கிவிடேன்.

ஒரு கம்பளிச் சால்வை அனுப்பியிருக்கிறேன். இங்கே வரும்போது தேவைப்படும்.

குட்டி


மார்ச் 21

குட்டிக்கு,

நலமா என்று கேட்கும் நிலையில் நான் இல்லை. நீ நலமாக இரு. சால்வை வந்து சேர்ந்தது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவதும் போவதும் இருபது வயதுக்காரி செய்கிற காரியம். எனக்கு ஒரே ஒரு முறை பெட்டி கட்டத்தான் தெம்பு இருக்கிறது. அது கிடக்கட்டும். நகல் வந்துவிட்டது.

கவுன்ட்டரில் இருந்த குமாஸ்தா தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதுல ஒரு பதிவு இருக்கேம்மா" என்றார். "என்ன பதிவு?" என்றேன். "வீட்டுக்குப் போய் நீங்களே படிச்சுக்குங்களேன்." நான் விடுவேனா? மறைக்க என்ன இருக்கிறது என்ற திமிர். "இங்கயே படிங்க. சத்தமாப் படிங்க, எனக்குக் காது கொஞ்சம் மந்தம்" என்றேன். அவர் மறுபடி ஒரு தடவை என் முகத்தைப் பார்த்தார். பிறகு, நான் கேட்டபடியே, கூடம் முழுக்கக் கேட்கும்படி படித்தார்.

பொது ஒழுக்கத்துக்கு மாறாக, விடுதி அறையில் ஓர் ஆணுடன் இருந்தபோது பிடிபட்டது. ஓர் இரவு காவல். மறுநாள் அபராதம், எச்சரிக்கை, விடுவிப்பு. கீழே என் பெயர், அப்பா பெயர், என் கணவர் பெயர், எங்கள் பழைய வீட்டு முகவரி. எல்லாம் சரியாக இருக்கிறது, குட்டி. ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. அறையில் இருந்த ஆணுக்கு மட்டும் பெயரே இல்லை.

எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் என்னை எட்டிப் பார்த்தார்கள். யாரோ ஒருவர் இருமினார். நான் தாளை வாங்கி மடித்து, கைப்பையில் வைத்து, ஜிப்பை மூடி, "நன்றி" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். தெருவில் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் இருந்திருந்தால் சிரித்திருப்பார். "உனக்கு அதுக்கெல்லாம் எங்க நேரம் இருந்தது?" என்று கேட்டிருப்பார்.

தேதியையும் பார்த்தேன். அந்தத் தேதியில் நான் எங்கே இருந்தேன் என்று உனக்கே தெரியும். பிள்ளை தங்காமல் போன அந்த வாரம். ஆஸ்பத்திரிக் கட்டிலில், நீ பையை எடுத்துக்கொண்டு வருவாய் என்று வாசலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். இதை நிரூபிப்பது ஒன்றும் பெரிய காரியமில்லை. ஆட்சேப மனு அன்றே எழுதிக் கொடுத்துவிட்டேன். யாரோ ஒருத்தி என் பெயரைத் தூக்கிக் கொடுத்திருக்கிறாள். அவளைக் கண்டுபிடிக்காமல் விடமாட்டேன்.

நகலில் இரண்டாவது பக்கம் ஒன்று இருக்கிறது. இன்னும் படிக்கவில்லை. நாளைக்குப் படிக்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 20

குட்டிக்கு,

நீ நலமா? போன கடிதத்துக்கு உன் பதில் வரவில்லை. தபால் தாமதம் என்று வைத்துக்கொள்கிறேன்.

இரண்டாவது பக்கத்தைப் படித்துவிட்டேன். அதில் இரண்டே வரி.

"ஆள் அடையாளம் உறுதி செய்யப்பட்டது: கைப்பையில் இருந்த மகப்பேறு ஆஸ்பத்திரி அட்டை கொண்டு."

"அங்க அடையாளம்: இடது முன்கையில் முக்கோண வடிவத் தீக்காயத் தழும்பு."

அந்தக் காலத்தில் சின்ன வழக்குகளுக்கு ரேகை எடுக்க மாட்டார்களாம். அட்டையைப் பார்த்து எழுதிக்கொள்வார்கள், உடம்பில் ஓர் அடையாளம் பார்ப்பார்கள், அவ்வளவுதான். குமாஸ்தா சொன்னார்.

ஜூலை இரண்டாம் தேதி விசாரணை வைத்திருக்கிறார்கள். இங்கே வெயில் ஏறிவிட்டது. மொட்டை மாடித் தொட்டியில் தண்ணீர் கொதிக்கிறது.

பதில் எழுது.

அக்கா


மே 24

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. நீ எப்படி இருக்கிறாய்? நான் இருக்கிறேன்.

இங்கே திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. உன் அறை ஜன்னலில் ஒழுகியது, ஆளைக் கூப்பிட்டு அடைத்துவிட்டேன். பக்கத்து வீட்டுப் பூனை உன் மெத்தையில் குட்டி போடப் பார்த்தது, விரட்டிவிட்டேன். வலது கண்ணை அடுத்த மாதம் ஆபரேஷன் செய்ய வேண்டுமாம்.

சின்னவனுக்கு அரசாங்க வேலை கிடைத்துவிடும்போல் இருக்கிறது. குடும்பம் முழுக்க விசாரிக்கிறார்கள். அம்மா எப்போது வந்தாள், எப்படி வந்தாள் என்று என்னுடைய பழைய மனுக்களைக்கூட எடுத்துப் பார்க்கிறார்கள். நான் கல்யாணமாகி இங்கே வந்தபோது எத்தனை தாளில் கையெழுத்துப் போட்டேன் தெரியுமா? எவ்வளவு கேள்வி! எப்போதாவது பிடிபட்டது உண்டா, எங்கேயாவது அபராதம் கட்டியது உண்டா. எல்லாவற்றுக்கும் எதிரே இல்லை, இல்லை, இல்லை என்று எழுதிக்கொண்டே போனேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒரே ஒரு இல்லை தப்பு என்று தெரிந்தால் இத்தனை வருடத்துக்குப் பிறகும் திருப்பி அனுப்புவார்களாம். யாரோ சொன்னார்கள்.

இந்தக் கடிதத்தை இரண்டு வாரமாக எழுதுகிறேன். மழையைப் பற்றித்தான் எழுத வருகிறது.

நீ சின்ன வயதிலிருந்தே எது சரியோ அதைத்தான் செய்வாய், அக்கா. எது செய்தாலும் சரியாகத்தான் இருக்கும். அறை அப்படியே இருக்கிறது.

உன் குட்டி


ஜூன் 8

குட்டிக்கு,

ஆபரேஷன் நல்லபடி முடியட்டும். சின்னவன் வேலைக்கு என் ஆசி.

வக்கீல் ஒருவரைப் பார்த்தேன். எக்ஸ்சேஞ்சில் என் கீழே வேலை பார்த்தவளின் தம்பி. நகலை மேசையில் விரித்து, இரண்டு நிமிடத்தில் படித்துவிட்டு, "இது ஒண்ணுமே இல்லம்மா. கையை நீட்டுங்க. தழும்பு இல்லையா? முடிஞ்சுது. நீங்க வெளிய வந்துடலாம்" என்றார்.

"அதோட விட்டுடுவாங்களா?"

"அதெப்படி? ஒருத்தர் மேல இருந்து எடுத்தா, அது இன்னொருத்தர் மேல ஏறணும். பதிவைக் காத்துல விடமாட்டாங்க. அந்த அட்டை அன்னிக்கு யார்கிட்ட இருந்துச்சுன்னு கேப்பாங்க. வீட்டுல யாருக்கு அந்தத் தழும்புன்னு கேப்பாங்க. உங்களை வரவழைக்கிற தங்கச்சிக்குத்தான் முதல் கடிதம் போகும். அவங்கதானே மனுவுல கையெழுத்துப் போட்டவங்க."

அவர் பேனாவை எடுத்துக்கொண்டு, "சரி, அட்டை யார்கிட்ட இருந்துச்சு?" என்றார்.

"ஞாபகம் இல்லை" என்றேன்.

"உங்களுக்கா? எங்க அக்கா சொல்வாளே, ஆயிரம் சந்தாதாரர் நம்பர் உங்களுக்கு மனப்பாடம்னு."

"வயசாகிடுச்சு, தம்பி."

அவர் பேனாவை மூடிவிட்டார். ஆட்சேபத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டால்? என்று கேட்டேன். விசாரணைக்கு நேரில் போய் எழுதித் தந்தால்தான் செல்லும், போகாமல் இருந்தால் அவர்களாகவே மேலே விசாரிப்பார்கள் என்றார். பதிவு நின்றால் குடியேற்ற மனு போய்விடும் என்பதையும் சொன்னார். அதை அவர் சொல்லத் தேவையில்லை.

நான் வாசலைப் பார்த்துப் படுத்திருந்த அந்த இரவு, நீ வரவில்லை. இரண்டு நாள் கழித்து வந்தாய். பஸ் கிடைக்கவில்லை என்றாய். அட்டையைக் காணோம் என்றாய். நான் அட்டைக்காக உன்னைத் திட்டினேன்.

விசாரணைக்கு முன்னால் உனக்கு என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால், இப்போதே எழுதினால்தான் வந்து சேரும்.

அக்கா


ஜூன் 22

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

சின்னவன் எழுதுகிறேன். நீங்கள் நலமா? அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்தாகிவிட்டது. டாக்டர் அழக் கூடாது என்கிறார், அம்மா அதை மட்டும்தான் செய்கிறாள். எப்போது கேட்டாலும் மருந்து எரிகிறது என்கிறாள்.

உங்கள் கடிதத்தை என்னைப் படித்துக் காட்டச் சொல்லவில்லை. பூதக்கண்ணாடி வைத்து அவளே படித்தாள். மறுநாள் நாலு தாள் எழுதினாள், சாயங்காலம் கிழித்துவிட்டாள். அதற்கடுத்த நாளும் அப்படியே. தபால் போக எத்தனை நாள் ஆகும் என்று கேட்டாள். சொன்னேன். "அப்ப நேரம் போயிடுச்சு" என்று சொல்லிவிட்டு உங்கள் அறையில் போய் உட்கார்ந்துகொண்டாள். அதனால்தான் நான் எழுதுகிறேன்.

உங்கள் பதிவில் ஏதோ தப்பாக ஏறியிருக்கிறதாமே? "என் அக்கா அப்படிப்பட்டவ இல்லடா" என்று மட்டும்தான் சொல்கிறாள். எனக்கு ரத்தம் கொதிக்கிறது, பெரியம்மா. நீங்கள் பயப்படாதீர்கள். நான் லீவு போட்டுவிட்டு வருகிறேன். இங்கே ஒரு நல்ல வக்கீல் இருக்கிறார், இரண்டு பேருமாக வந்து அந்தப் பழைய காகிதக் கட்டுகளை எல்லாம் எடுக்கச் சொல்லி, வேர் வரைக்கும் தோண்டிப் பார்த்துவிடுகிறோம். உங்கள் பெயரைக் கொடுத்தது யார் என்று கண்டுபிடித்து, அவள் உயிரோடு இருந்தால், உங்கள் காலில் விழ வைக்கிறேன்.

உங்கள் சின்னவன்


ஜூலை 2

சின்னவனுக்கு,

பெரியம்மாவின் ஆசி. உன் கடிதம் இன்று மத்தியானம்தான் கைக்கு வந்தது. அம்மாவின் கண் தேறியதில் நிம்மதி. மருந்தை நேரத்துக்குப் போடு.

நீ வர வேண்டாம். வக்கீலும் வேண்டாம். நான் யோசித்துப் பார்த்தேன். என் முட்டி அந்தக் குளிருக்குத் தாங்காது. இந்த வயதில் வேறு நாட்டுத் தண்ணீரும் ஒத்துக்கொள்ளாது. ஆகவே மனுவை நானே திரும்ப வாங்கிக்கொண்டேன். பழைய கட்டுகளைத் தோண்டி எனக்கு ஆக வேண்டியது ஒன்றுமில்லை. பெரியவர்கள் ஒன்றைப் போதும் என்று சொன்னால் போதும் என்றுதான் அர்த்தம். இதை நீ மீறினால் உன் கல்யாணத்துக்கு ஆசி அனுப்ப மாட்டேன்.

அம்மாவை எதுவும் கேட்காதே. அவள் அழுதால் கூட உட்கார், அவ்வளவுதான்.

பெரியம்மா


ஜூலை 2

குட்டிக்கு,

உன் கண் தேறியது என்று சின்னவன் எழுதியிருந்தான். இதைப் பூதக்கண்ணாடி இல்லாமல் படிக்கும்படி பெரிதாக எழுதுகிறேன். படித்ததும் கிழித்துவிடு. இந்தக் கிழிப்பாவது உபயோகமாக இருக்கட்டும்.

போன வாரம் தையல்காரியிடம் ஒரு சட்டை தைக்கக் கொடுத்தேன். அவள் அளவு நாடாவோடு மேலே வந்தாள். "இந்த வெயில்ல முழுக்கையா? மணிக்கட்டு வரைக்குமா? இத்தனை நாளும் அரைக்கை போட்டுட்டு இப்ப என்னம்மா திடீர்னு ஃபேஷன்?" என்றாள். "ஃபேஷன்தான். கையில பொத்தான் இறுக்கமா இருக்கணும், தானா மேல ஏறக் கூடாது" என்றேன். "ஏறாது. வேணும்னாலும் ஏறாது" என்றாள்.

இன்று காலை அதைப் போட்டுக்கொண்டு பதிவகத்துக்குப் போனேன். அதிகாரி சின்னவனைவிட இளையவர், நல்ல வீட்டுப் பிள்ளை. எழுந்து நின்று எனக்கு நாற்காலி போட்டார், தண்ணீர் கொண்டு வரச் சொன்னார். காகிதக் கட்டை முழுக்கப் படித்துவிட்டு வந்திருந்தார். "இது நீங்க இல்லைன்னு உங்களைப் பார்த்தாலே தெரியுதும்மா. எதுக்கு ஆட்சேபத்தைத் திரும்ப வாங்கறீங்க? ஒரே நிமிஷ வேலை. இடது கைச் சட்டையைக் கொஞ்சம் மடிச்சுக் காட்டுங்க. தழும்பு இல்லைன்னா நான் இப்பவே எழுதிடறேன்" என்றார்.

அவ்வளவு சுலபம், குட்டி. ஒரு பொத்தான். அதற்கு அப்பால் உன் பின்பக்கத்து அறை, காலை வெயில், பலகைக்குப் பக்கத்து மெத்தை, குளியலறைக் கம்பி, எல்லாம்.

"முடியாது" என்றேன்.

"ஏம்மா?"

"கையை மடிச்சுக் காட்டச் சொல்லி இதுவரைக்கும் யாரும் என்னைக் கேட்டதில்லை. நீங்க முதல் ஆளா இருக்க வேண்டாம்."

எக்ஸ்சேஞ்சில் என் வரிசைப் பெண்களிடம் பேசும் குரலில்தான் சொன்னேன். அந்தக் குரல் இன்னும் இருக்கிறது. அவர் என் கையைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே வெயிலைப் பார்த்தார். மறுபடியும் மணிக்கட்டு வரை மூடியிருந்த என் கையைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. அதாவது, நான் என்ன புரியவைக்க வந்தேனோ அது. அவர் முகத்தில் அது இறங்குவதை நான் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருந்தது. தண்ணீர் வந்தது, அவர் அதை என் பக்கம் நகர்த்தவில்லை. காகிதத்தை மட்டும் நகர்த்தினார். "இங்க கையெழுத்துப் போடுங்க" என்றார். அம்மா என்ற சொல் அதில் இல்லை.

போட்டேன். பதிவு என் பெயரிலேயே நிற்கும். நான் போகும்போது அதுவும் என்னோடு வந்துவிடும். யாரையும் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். சின்னவனுக்கும் எழுதிவிட்டேன், என் முட்டிமேல் பழியைப் போட்டு.

உனக்காகச் செய்தேன் என்று நினைத்துக்கொண்டு அழாதே, டாக்டர் கூடாது என்றிருக்கிறார். உன்மேல் கோபம் இல்லை என்றும் நினைத்துக்கொள்ளாதே. நிறைய இருக்கிறது. அந்த இரவுக்கு இல்லை. இருபது வயதில் யாரோ ஒருவனை நம்பிப் போனதற்கு இல்லை. அவர்கள் பையைப் பிரித்து, அட்டையைப் பார்த்து எழுதியபோது நீ வாயைத் திறக்காமல் நின்றிருப்பாய், அதற்கும் இல்லை. உன்னை எனக்குத் தெரியும், பயந்தால் உனக்குப் பேச்சு வராது. அதற்குப் பிறகு இத்தனை வருடம் இருந்ததே, அதற்குத்தான். போன மாதம்கூட ஒரு வரி போதுமாயிருந்தது. அந்த வரி வந்திருந்தாலும் இன்று நான் இதையேதான் செய்திருப்பேன். ஆனால் வந்திருக்க வேண்டும்.

உன் அறையை யாருக்காவது கொடுத்துவிடு. பூனைக்காவது கொடு.

வீட்டுக்கு வந்து வெகு நேரம் ஆகிறது. இன்னும் சட்டையைக் கழற்றவில்லை. பொத்தானை இறுக்கமாக வைக்கச் சொன்னது நான்தான். தேய்ந்துபோன இந்த விரலுக்கு அது பிடிபடவில்லை, வழுக்கிக்கொண்டு போகிறது. தையல்காரி வெளியே போயிருக்கிறாள், வந்தால் கழற்றிவிடுவாள். அதுவரை இப்படியே உட்கார்ந்து உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். கை முழுக்க வியர்த்துக் கசகசக்கிறது, தாள் ஈரமாகிறது.

இத்தனை வருடம் இதற்குள்ளேயே நீ எப்படி இருந்தாய், குட்டி?

உன் அக்கா